மட்டிப்பால் மரமும் என் கொழுந்தனாரும்

மரத்திலிருந்து சாம்பார் மணம் வரும் என்று நான் எந்நூலிலும் படித்ததில்லை. அன்று காலை விழுப்புரத்திலிருந்து பேருந்தில் திண்டிவனம் திரும்பித் தோள்பையை இறக்கிவைக்கும் முன்பே அந்த மணம் மூக்கில் ஏறியது. முழங்கால் அறுவை செய்துகொண்ட தோழி ஒருத்திக்குத் துணையாகச் சில நாள் அங்கே தங்கியிருந்தேன். வீடு பூட்டிக் கிடந்தது. அண்டை வீட்டில் விடிந்ததும் தாளிக்கிறார்கள் போலும் என்று எண்ணினேன். அடுப்பங்கரைப் பக்கம் சென்றால் மணம் குறைந்தது. வாயிற்பக்கம் வந்தால் மிகுந்தது. அதைப் பின்பற்றி நடந்தேன். அது என்னை என் மட்டி மரத்தின் அடியில் கொண்டுபோய் நிறுத்தியது.

மரத்தின் இடுப்பைச் சுற்றி ஒட்டியாணம் பூட்டியதுபோல் துளைகள். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நுழையும் அகலம். மின்துளைப்பொறியால் இடப்பட்டவை என்பது விளிம்புகளின் ஒழுங்கிலேயே தெரிந்தது. துளையின் வாயில் களிமண்ணை அப்பி, அதன்மேல் சாணத்தைப் பூசி, பட்டையின் சாம்பல் நிறத்தோடு ஒத்துப்போகும்படி ஒப்பனை செய்திருந்தார்கள். ஒன்றைக் குச்சியால் கிளறினேன். உள்ளே பெருங்காயம்.

எங்கள் பக்கத்தில் வளர்ந்தவர்க்கு இதற்கு விளக்கம் வேண்டாம். கோடரி எடுத்தால் தெரு கேட்கும். எவரும் கேட்காமல் ஒரு மரத்தை ஒழிக்க வேண்டுமென்றால் தண்டில் துளையிட்டுப் பெருங்காயத்தை வைத்து அடைத்துவிடுவார்கள். சில திங்களில் இலை பழுத்து உதிரும். "ஐயோ, பட்டுப்போச்சே" என்று வருந்தி வெட்டிக்கொள்ளலாம். பெருங்காயம் மெய்யாகவே மரத்தைக் கொல்லுமா என்பதை நான் அறியேன். கொல்ல வேண்டும் என்று ஒருவர் விரும்பினார் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

அவர் யார் என்று அறிய மாலைவரை பொறுக்க வேண்டியிருந்தது. மாலையில் என் கொழுந்தனாரின் மனைவி சுற்றுச்சுவருக்கு மேல் தலையை நீட்டினாள். என் கணவரின் ஒரே தம்பியின் குடும்பம் அடுத்த மனையில்தான் வாழ்கிறது. நடுவில் இருப்பது என் மார்பளவுச் சுவர்.

"அக்கா, எப்ப வந்தீங்க? கொஞ்சம் பெருங்காயம் இருந்தா குடுங்களேன்."

"ஏன், உன்கிட்ட இல்லையா?"

"புதுசா ஒரு கட்டி வாங்கி வச்சேங்க்கா. டப்பாவோட காணோம். எலிதான் இழுத்துக்கினு போயிருக்கும்."

"பெரிய எலியா இருக்கும் போலிருக்கே."

"அத ஏன் கேக்கறீங்க, எங்க வூட்டு எலிங்க ஒண்ணொண்ணும் பூன சைஸுல கீது."

உள்ளே சென்று ஒரு துண்டு உடைத்து எடுத்துவந்து அவள் கையில் வைத்தேன். அவள் வெள்ளை உள்ளத்தவள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்துவிட்டது.

இங்கே குடும்ப முறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பங்கு பிரிக்கும்போது மூத்தவர் பிரிப்பார். இளையவர் முதலில் எடுப்பார். பிரிப்பவரின் கை ஒருபக்கம் சாயாதிருக்க முன்னோர் கண்ட வழி அது. மாமனார் மறைந்தபின் என் கணவர் மனையைக் கிழக்கு, மேற்கு என இரண்டாக வகுத்தார். மேற்கில் கிணறும் மாமரமும் இரண்டு தென்னைகளும் இருந்தன. கிழக்கில் பழைய வீடும் இந்த மட்டி மரமும். வீடு இருப்பதால் ஈடாகிவிடும் என்பது அவர் எண்ணம். கொழுந்தனார் உறவினர் அனைவர் முன்னும் நொடிப்பொழுதும் எண்ணாமல் மேற்கைக் கேட்டார். கேட்டதில் தவறில்லை, அது அவர் உரிமை. கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பிச் சொன்னதுதான் தவறு.

"அண்ணிக்கு அந்த நாத்தம் புடிச்ச மரமே போதும். தமிழ் வாத்தியாரம்மாவுக்கு நெழல்ல உக்காந்துக்கினு படிக்கத்தான வேணும்?"

எல்லாரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். அவரை மட்டும் பின்னர் மன்னித்தேன்.

மரத்தைப் பற்றி அவர் சொன்னது முழுப்பொய்யும் அன்று. மட்டி பூக்கும் நாள்களில் மணம் நன்றாக இராது. தீக்குச்சிக்கு ஆகும் மரம் என்று யாரோ சொல்ல, மாமனார் காலத்திலேயே என் கணவர் நாற்றுப் பண்ணையிலிருந்து ஒரு கன்றை வாங்கிவந்து நட்டார். கிளை விடாமல், வளையாமல், மின்கம்பத்தோடு போட்டியிடுவதுபோல் அது உயர்ந்தது. எந்தத் தீக்குச்சிக்காரரும் வரவில்லை. கணவர் காலமானபின் நானும் மரமும் கிழக்குப் பங்கில் எஞ்சினோம்.

பின்னர் கொழுந்தனார் மாடி எடுத்தார். மாடிமேல் கதிரவன் ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் தகடுகளைப் பரப்பினார். பரப்பிய பிறகுதான், காலை முழுவதும் என் மரத்தின் நிழல் அவற்றின்மேல் கிடப்பதைக் கண்டார். கிழக்கை வேண்டாம் என்று சொன்னவர்க்குக் கதிரவன் கிழக்கில் எழும் என்பது அப்போதுதான் உறைத்தது.

"அண்ணி, காலையில வெயிலே உழ மாட்டேங்குது. அந்த மரத்த எடுத்துட்டா ரெண்டு பேருக்கும் நல்லதுங்க" என்று ஒருநாள் வந்து கேட்டார்.

"எனக்கு என்ன நல்லது தம்பி?"

"வாசல்ல குப்ப உழாது இல்ல?"

"பங்கு பிரிச்சப்ப நீங்க வேணாம்னு விட்டது அது. விட்டதைப் பத்தித் திரும்ப வந்து பேசறது முறையில்லை."

அவர் சிரித்தார். பங்கு பிரித்த நாளில் சிரித்த அதே சிரிப்பு. அடுத்து நான் ஊரில் இல்லாத நாள் பார்த்துத் துளைப்பொறியோடு வந்துவிட்டார்.

பெருங்காயம் கொடுத்தனுப்பிய அந்த மாலையில் பழிவாங்கும் வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். மாமரத்தின் வேரில் கொதிநீர் ஊற்றலாம். கிணற்றில் உப்பு மூட்டையை அவிழ்க்கலாம். காவல்நிலையத்தில் முறையிடலாம். இவற்றையெல்லாம் தள்ளினேன். இரக்கத்தால் தள்ளினேன் என்று எவரும் எண்ண வேண்டாம். இவையெல்லாம் விரைவில் முடிந்துவிடும், அதனால் தள்ளினேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. துளைகளை இட்டவர் தாமே என்று அவர் தம் வாயால், என் வாயிலில் நின்று சொல்ல வேண்டும். மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. கேட்டால் கொடுக்க வேண்டிவரும்.

மறுநாள் காலை அவரை மரத்தடிக்கு அழைத்துத் துளைகளைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் பார்த்தார். நடிப்பு நன்றாகவே இருந்தது.

"மரங்கொத்தியா இருக்கும் அண்ணி."

"மரங்கொத்தி பெருங்காயம் வைக்குமா தம்பி?"

"அது இன்னா வைக்குதோ, யாரு கண்டா? நீங்கதான் படிச்சவங்க."

சிரித்துக்கொண்டே போனார். மண்டகப்பட்டுக்கு மாணவியரை ஆண்டுதோறும் அழைத்துச் சென்ற காலம் எனக்கு நினைவுக்கு வந்தது. அங்கே பாறையைக் குடைந்து கோயில் கண்ட பல்லவ மன்னன், குடைவித்தவன் நானே என்று கல்லில் பொறித்துவிட்டுப் போனான். என் மரத்தைக் குடைந்த மன்னர் பழியைப் பறவையின்மேல் போட்டுவிட்டுப் போனார்.

மரம் பட்டுப்போகும் என்று நாங்கள் இருவருமே காத்திருந்தோம். அவர் மகிழ்ச்சியோடு, நான் கொதிப்போடு. ஆனால் மட்டி மரம் வேறொன்றைச் செய்தது. சில நாளில் களிமண் அடைப்புகள் வெளித்தள்ளப்படத் தொடங்கின. ஒவ்வொன்றின் பின்னாலிருந்தும் கெட்டித் தேன் போன்ற பசை மெல்லப் பிதுங்கி வந்தது. முதலில் வந்ததில் பெருங்காயம் கலந்து கலங்கியிருந்தது. பின்னர் வந்தது பழுப்பும் சாம்பலும் கலந்த நிறத்தில், விரலில் ஒட்டினால் எளிதில் விடாத பிசினாக இருந்தது. காயம்பட்டால் பால் சொரிந்து காயத்தை அடைத்துக்கொள்வது அம்மரத்தின் இயல்பு. தேக்காகவோ புங்கமரமாகவோ இருந்திருந்தால் அவர் கணக்கு ஒருவேளை பலித்திருக்கும். மரத்தின் பெயரைக்கூடக் கேட்டறியாமல் கொல்ல வந்தார். அதுதான் அவர் பிழை.

ஒரு குச்சியில் சிறிது எடுத்துத் தணலில் இட்டேன். எழுந்த மணத்தை எப்படிச் சொல்வது? கடைச் சாம்பிராணியின் காரம் அதில் இல்லை. மழைக்குப் பின் காய்ந்த மரத்தூளும், பழைய பாக்குப் பெட்டியும், எங்கோ சிறிது இனிப்பும் சேர்ந்த மணம். மருத்துவச் சுவடிகளில் மட்டிப்பால் என்ற பெயரைப் பலமுறை கண்டு மாணவியருக்குப் பொருளும் சொல்லியிருக்கிறேன். அது என் வாயிலிலேயே நிற்கிறது என்பதை அன்று அறிந்தேன்.

உறுதி செய்துகொள்ள ஒரு சிமிழில் எடுத்துக்கொண்டு விழுப்புரம் சென்றேன். கல்லூரியில் பணியாற்றிய நாளிலிருந்து எனக்குப் பழக்கமான நாட்டு மருந்துக் கடை ஒன்று அங்கே உண்டு. கடைக்காரர் கோட்டக்குப்பத்துக்காரர்; அவர் அண்ணன் வளைகுடா நாட்டில் நறுமணப் பொருள் விற்கிறார். சிமிழைத் திறந்து முகர்ந்தவர் உடனே நிமிர்ந்தார்.

"டீச்சரம்மா, இது அசல் மட்டிப்பாலு. எங்க புடிச்சீங்க?"

"என் வீட்டு மரத்துல."

"ஊதுபத்தி போடறவங்க இதுக்காக அலைஞ்சிக்கினு கீறாங்க. இப்பல்லாம் பாதிக்குப் பாதி எதையோ கலந்து கொண்டாந்து தள்றாங்க. எங்கண்ணன் இதப் பாத்தா வுடவே மாட்டாரு. எனக்கே குடுத்துடுங்கம்மா."

"விக்கறதுக்கு இல்லை பாய். எதுக்கெல்லாம் ஆகும், சொல்லுங்க."

"பொகைக்குத்தான் மொதல்ல. நாள்பட்ட சளிக்குக் குடுப்பாங்க. சீதபேதி, வயித்துக்கடுப்புன்னா மொளகு அளவு எடுத்துத் தயிர்ல கரைச்சிக் குடிக்கச் சொல்லுவாங்க. அது சரி, மரத்தக் கீறிவுட்டது யாரு? இந்த அளவுக்கு வடியுதுன்னா நல்ல கைதான்."

"என் கொழுந்தனார்."

"ராசியான கை டீச்சரம்மா! அவர வுட்டுடாதீங்க."

விடுவதாக எனக்கும் எண்ணமில்லை. திண்டிவனம் திரும்பும் பேருந்தில் அந்தச் சொல்லையே புரட்டிக்கொண்டு வந்தேன். ராசியான கை. பழிக்கு ஓர் உருவம் தேடிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் அதைத் தம்மையறியாமல் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்துவிட்டார். திட்டினால் அவர் மறுப்பார். புகழ்ந்தால் எப்படி மறுப்பார்?

அன்று முதல் மாலைதோறும் மரத்தடியில் தணற்சட்டி வைத்து மட்டிப்பாலை இட்டேன். திண்டிவனத்தில் மாலையில் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். என் வீடு கிழக்கு. அவர் வீடு மேற்கு. புகை ஒருநாளும் வழி தவறவில்லை.

மணம் தெருவெல்லாம் பரவ, ஒவ்வொருவராகக் கேட்டுவந்தார்கள். தலைக்குக் குளித்தவர்கள் கூந்தலுக்குப் புகைபோடக் கேட்டார்கள். கொசுவுக்கு ஆகுமா என்று சிலர் கேட்டார்கள். கோடைத் திருவிழாவில் கூழ் ஊற்றும் குடும்பத்தார் அம்மன் முன் இடுவதற்குக் கேட்டார்கள். எல்லாருக்கும் வாழைச்சருகில் மடித்துக் கொடுத்தேன். யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. கொடுக்கும்போது ஒரே ஒரு செய்தியை மட்டும் சேர்த்துக் கொடுத்தேன்.

"இதெல்லாம் என் கொழுந்தனார் புண்ணியம். நான் ஊருல இல்லாதப்ப அவரே வந்து மரத்தைச் சுத்தித் துளை போட்டு வச்சிட்டாரு. ரொம்ப அடக்கமானவரு. கேட்டா இல்லைன்னுதான் சொல்லுவாரு. நீங்க ஒரு வார்த்தை நன்றி சொல்லிடுங்க."

அவர்களும் சொன்னார்கள். தெருமுனைத் தேநீர்க்கடையில் அவருக்கு நடந்ததை அவர் மனைவியே சுவருக்கு மேலிருந்து எனக்குச் சொன்னாள்; அவளுக்கு அது பெருமையாக இருந்தது.

"இன்னாண்ணே, மரத்துக்கு ஊசி போட்டுப் பால் கறக்கறீங்களாமே, எங்க வூட்டு எருமைக்கும் வந்து ஒண்ணு போடுங்கன்றானாம் ஒருத்தன். எல்லாம் சிரிக்கிறாங்களாம். இவருக்கு மட்டும் டீ எறங்கலயாம். ஏங்க்கா இப்படிக் கூச்சப்படறாரு?"

"நல்லது செஞ்சவங்க அப்படித்தான் இருப்பாங்க" என்றேன்.

சில நாளில் அவரே வந்தார். உள்ளே வரவில்லை, சுவரோரம் நின்றார். முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

"அண்ணி, பொக வூட்டுக்குள்ளாற வருது. ஒரே பேஜாரா கீது."

"நிறுத்திடறேன் தம்பி. ஊர்க்காரங்களுக்குச் சொல்றதையும் நிறுத்திடறேன். துளை போட்டது யாருன்னு மட்டும் நீங்க சொல்லிடுங்க."

"அதான் சொன்னேனே, மரங்கொத்தின்னு."

"அப்ப அந்த மரங்கொத்தி வந்து சொல்ற வரைக்கும் புகை இருக்கும்."

அவர் திரும்பி நடந்தார். ஒரு சொல் சொன்னால் எல்லாம் நின்றுவிடும் என்பது அவருக்குத் தெரியும். அந்தச் சொல்லுக்காகவே நான் காத்திருக்கிறேன் என்பதும் தெரியும். அதனாலேயே சொல்லாதிருந்தார். நாங்கள் இருவரும் ஒரே குடும்பத்து உப்பைத் தின்றவர்கள். பிடிவாதம் இருவருக்கும் பொது.

புகையை இன்னும் சற்று மிகுத்தேன்.

இவ்வாறிருக்கையில் திருவெண்ணெய்நல்லூரில் உறவினர் வீட்டுக் காதணி விழா வந்தது. எனக்கும் அழைப்பு உண்டு. அவர் செல்கிறார் என்று அறிந்து நான் செல்லவில்லை. விருந்தில் எதைத் தின்றாரோ, திரும்பியதிலிருந்து வயிற்றுக்கடுப்பு. மருத்துவர் பார்த்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். இரண்டு வேளை விழுங்கிவிட்டு, வாய் கசக்கிறது என்று இவர் நிறுத்திவிட்டார். கடுப்பு நிற்கவில்லை. நாட்டு மருந்துதான் கேட்கும் என்று யாரையோ கேட்க, அவர்களும் மட்டிப்பாலைத் தயிரில் கரைத்துக் குடிக்கச் சொன்னார்களாம். மட்டிப்பால் எங்கே கிடைக்கும் என்று திண்டிவனத்துக் கடைகளில் விசாரித்தபோது, "உங்க அண்ணி கிட்டயே கீதாமே சார்" என்று விடை வந்ததாம்.

முதலில் மனைவியை அனுப்பினார்.

"அக்கா, அவருக்குக் கொஞ்சம் குடுங்கக்கா. ஆளே பாதியாயிட்டாரு."

"குடுக்கறேன். அவரே வந்து வாங்கிக்கட்டும்."

"வந்தாருக்கா. கேட் வரைக்கும் வந்துட்டு வந்துட்டுத் திரும்பி ஓடிடறாரு."

"பரவாயில்லை. மாத்திரையை விடாம சாப்பிடச் சொல்லு. இதுக்கு அவரே வரட்டும்."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவள் கையில் மல்லாட்டைக் கிண்ணம் இருந்தது, எனக்கென்று நிலக்கடலை அவித்துக் கொண்டுவந்தது. அதைச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போனாள். அவள்மேல் எனக்குச் சினமில்லை. ஆயினும் என் கை சிமிழைத் திறக்கவில்லை. நோயுற்றவரிடம் இப்படியா என்று கேட்பவர்கள், அந்தத் துளைகளுக்குள் தங்கள் விரலை விட்டுப் பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.

மறுநாள் காலை அவர் வந்தார். என் வாயிலில், படிக்குக் கீழே நின்றார். நெற்றியில் வியர்வை. மடித்துக் கட்டிய வேட்டியை ஒரு கை பிடித்திருந்தது, மறுகை வயிற்றின்மேல். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தயிரில் கரைத்த மட்டிப்பால் முன்பே ஆயத்தமாக உள்ளே மேடைமேல் இருந்தது. கொடுப்பதா வேண்டாமா என்ற ஐயம் எனக்கு இருக்கவில்லை.

"வாங்க தம்பி. உக்காருங்க."

"உக்கார முடியாதுங்க அண்ணி."

"குடிக்கத் தண்ணி?"

"வேணாங்க. அந்த மட்டிப்பாலு... கொஞ்சம் ஜல்தி குடுத்தீங்கன்னா..."

"தர்றேன். மரத்துல துளை போட்டது யாரு?"

"அண்ணி, இப்ப போயி வெளாடாதீங்க."

"நான் விளையாடல. எனக்கு ஒண்ணும் அவசரமில்லை தம்பி. நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க."

"மரங்கொ..." என்று தொடங்கினார். பாதியில் முகம் சுருங்கியது. உடல் முன்னோக்கி வளைந்தது. வெளிவாயிலைத் திரும்பிப் பார்த்தார்; தம் வீட்டுக்குள்ள தொலைவை அளப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

"எந்த மரங்கொத்தி?" என்றேன்.

"நான்தாங்க! நான்தான் போட்டேன். மச்சான் கிட்டருந்து ட்ரில்லு வாங்கினு வந்து நானேதான் போட்டேன். போதுமா?"

"பெருங்காயம்?"

"அதுவும் நான்தான்."

"யாரோடது?"

"எங்க வூட்லதுதாங்க. டப்பாவோட எடுத்துக்கினு வந்தேன். குடுங்க அண்ணி, உங்களுக்குக் கோடி புண்ணியம்..."

நான் உள்ளே திரும்புவதற்குள் சுவருக்கு அப்பாலிருந்து ஒரு குரல் எழுந்தது. நான் எதிர்பாராத குரல்.

"அடப்பாவி மனுசா! அது நீயா? எலி தின்னுடுச்சின்னு வூடு பூரா மருந்து வச்சேனே! தெனம் ஒரு எலியத் தூக்கிக் கொட்டினேனே! ஒரு வார்த்த சொன்னியா நீ? உன்ன மாதிரி ஆளுக்கு அக்கா மருந்து குடுக்கவே கூடாது!"

கொடுத்தேன். பெருங்காயம் கலந்து முதலில் வடிந்த அந்தக் கலங்கல் பிசினைத் தனியே எடுத்துவைத்திருந்தேன். அவருக்கென்று கரைத்தது அதைத்தான். பெருங்காயம் வயிற்றுக்கு நல்லதுதானே. நின்ற நிலையிலேயே குடித்தார். கிண்ணத்தைப் படியில் வைத்தார். பிறகு ஓடினார். சுவருக்கு அப்பால் அவர் மனைவி அவரோடு சேர்ந்தே திட்டிக்கொண்டு ஓடும் ஒலி கேட்டது.

அவருக்கு வயிறு சரியாயிற்று. அன்றிலிருந்து மனைவி அவரை மாத்திரையையும் முழுவதுமாக விழுங்கச் செய்தாள். எது குணப்படுத்தியது என்று நான் வழக்காட மாட்டேன். விழுப்புரத்துத் தோழி தொலைபேசியில் இக்கதையைக் கேட்டுவிட்டு, "பாவம், இப்போது உன் மனம் நிறைந்ததா?" என்றாள். நிறைந்தது என்றேன். அவள் எதிர்பார்த்த விடை அதுவன்று போலும். பேச்சைத் தன் முழங்காலுக்கு மாற்றினாள்.

சொன்ன சொல்லைக் காத்து மாலைப் புகையை நிறுத்தினேன். ஊரார்க்குச் சொல்வதையும் நிறுத்தினேன். அத்தோடு இக்கதை முடிந்திருக்கும். ஆனால் உடல் தேறியதும் தேநீர்க்கடையில் உட்கார்ந்து அவர் ஒரு புதிய விளக்கம் சொன்னாராம். "வயித்து வலியில எதையோ ஒளறிட்டேன். வலில எவனும் எதுவும் சொல்லுவான்." அதையும் அவர் மனைவிதான் சொன்னாள். இம்முறை பெருமையாகச் சொல்லவில்லை.

என் வாயிலில் சொன்னதைத் தெருவில் திரும்ப எடுத்துக்கொண்டார். விட்டதைத் திரும்ப வந்து கேட்பது அவர் வழக்கம்.

அதற்குள் துளைகள் தாமாகவே ஆறி மூடிக்கொண்டன. சிமிழும் ஒழிந்தது. மார்கழி நெருங்கியது, விடியற்காலைப் பூசைக்கு மட்டிப்பால் வேண்டும் என்று தெருவினர் கேட்கத் தொடங்கினார்கள். கொழுந்தனாரின் மகள் வேறு பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்து, பிறந்த குழந்தையோடு இருந்தாள். குழந்தைக்குப் புகை ஆகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனால் தாயின் ஈரக்கூந்தலுக்காவது போடவேண்டும் என்று அவள் அன்னை விரும்பினாள். குழந்தையை உள்ளறையில் விட்டுவிட்டு, முற்றத்தில் போட்டுக்கொள்வார்களாம்.

"கடைச் சாம்பிராணி இருக்கே" என்றேன்.

"உங்க மரத்துது மாதிரி வராதுக்கா. கொஞ்சம் பாத்துக் குடுங்க."

"பிசின் வேணும்னா மரத்தைப் புதுசாக் கீறணும். எனக்குத் தோள் எழும்பல. இந்தத் தெருவுல அந்த வேலையில பழக்கம் உள்ளவர் ஒருத்தர்தான் இருக்காரு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சிரித்தாள். எலிகளை அவள் மறக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பால் வாங்குவோரும் தேநீர்க்கடைக்குச் செல்வோரும் தெருவில் நிறைந்திருந்த வேளையில், கொழுந்தனாரை அவர் மனைவி கத்தியோடு என் வாயிலுக்கு அனுப்பிவைத்தாள். நான் மரத்தடியில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தேன். துளைப்பொறி வேண்டாம் என்றேன். கத்தி போதும், பட்டையளவு ஆழம் போதும். மரம் எனக்கு வேண்டும்.

"எங்க கீறணும் அண்ணி?" என்று கேட்டார். என்னைப் பார்க்கவில்லை.

"தெருப்பக்கம்."

"அந்தப் பக்கம் நெழலா கீதே..."

"தெருப்பக்கம், தம்பி."

தெருப்பக்கம் திரும்பி நின்று கீறினார். போகிறவர்கள் நின்றார்கள். எருமைக்கு ஊசி கேட்டவர்தானோ என்னவோ, ஒருவர் சைக்கிளில் காலூன்றிக் குரல் கொடுத்தார்.

"இன்னாண்ணே, மறுபடியும் நீங்கதானா?"

கொழுந்தனாரின் கை நின்றது. கத்தியின் முனையில் பட்டைத்தூள் ஒட்டியிருந்தது. மறுக்க வழியில்லை, கத்தி கையில் இருந்தது, கீறல் கண்முன் இருந்தது, மனைவி சுவருக்கு அப்பால் கைகட்டி நின்றாள்.

"ஆமாம்பா, நான்தான்" என்றார். "போன தபா போட்டதும் நான்தான்."

சைக்கிள்காரர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவருக்கு அது ஒன்றுமில்லை. எனக்கு அதுதான் எல்லாம். ஆனால் அதற்காக நான் எழுந்து உள்ளே போகவில்லை.

இப்போது ஒவ்வொரு முறை பிசின் வற்றும்போதும் அவரே வந்து கீறுகிறார். நானும் ஒவ்வொரு முறையும் நாற்காலியை எடுத்துவந்து போடுகிறேன். பேச்சு மிகுதியில்லை. எங்கே என்று அவர் கேட்பார், நான் காட்டுவேன். மரத்தை வெட்டுவது பற்றி இனி அவரால் வாய்திறக்க முடியாது. தெருவே அதைத் தன் மரம்போல் பார்க்கிறது. கொடுக்கும்போது ராசியான கை என்று இன்னும் சொல்கிறேன். அவர் மறுப்பதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, முதல் கீறலிலிருந்து பால் பொடிக்கத் தொடங்கியபோது நான் தலையை உயர்த்திப் பார்த்தேன். கிழக்கு வெயிலில் மட்டி மரத்தின் நிழல் நெடுக நீண்டு, சுவரைத் தாண்டி, அவருடைய மாடித் தகடுகள் முழுவதையும் மூடிக் கிடந்தது. அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் மேலே, தம்பி" என்றேன்.